இருவரும் நின்ற இடம்

பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள வாலிகண்டபுரத்தை இன்று பலர் பேருந்துச் சன்னல் வழியாகவே பார்த்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். வாலி வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் வாலீசுவரர் கோயில், அருணகிரிநாதர் பாடிய முருகன், கோயிலை ஒட்டிய திருக்குளம் என்று ஊரின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் இந்த ஊரை ஊராக்கியது வழிதான். கொள்ளிடக் கரையிலிருந்து நடுநாட்டுக்கும் அதைத் தாண்டித் தொண்டை நாட்டுக்கும் போகிறவர்கள் கால் வைத்த மேட்டுநிலம் இது. விஜயநகர ஆட்சியில் ‘வாலிகண்டபுரம் உசாவடி’ என்று ஒரு நிர்வாகப் பிரிவின் தலைமையிடமாக இருந்தது. 1751இலும் 1752இலும் சந்தா சாகிபின் ஆட்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் இங்கே மோதிக்கொண்டார்கள். ஆங்கில நூல்களில் ‘வால்கொண்டா’ என்று வருவது இந்த ஊர்தான். படை போன வழியில்தான் வணிகரும் யாத்திரிகரும் அரச குடும்பத்தாரும் போனார்கள். அந்தப் பயணங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து பொதுவெளியில் எப்படித் தோன்றினார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கணவன் மனைவியாக வெளியே கிளம்புவது, நன்கொடை விழாவில் கலந்துகொள்வது, ஆடலைச் சேர்ந்து பார்ப்பது, ஊர் ஊராகச் செல்வது ஆகிய எல்லாமே வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம் என்று படித்தவர்களிடையே ஓர் எண்ணம் இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. சென்னையில் ஆளுநர் எட்வர்ட் கிளைவ் 1802இல் கட்டி முடித்த விருந்து மண்டபம், இன்றைய ராஜாஜி மண்டபம், துரைமாரும் துரைசானிமாரும் சோடியாக ஆடிய இடம். தருமத்துக்குப் பணம் திரட்ட நடன விருந்து வைப்பது அவர்கள் ஊர் வழக்கம். அதற்கு முன் தமிழ்ப் பெண் வாசற்படிக்கு உள்ளேயே இருந்தாள், தருமம் ஆண்மகன் பேரில் நடந்தது, ஆட்டம் தாசியின் தொழில், யாத்திரை கிழவர்களுக்கு உரியது என்று அந்த எண்ணம் நீள்கிறது. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக் கல்வெட்டுகளும் அவற்றோடு தொடர்புடைய தஞ்சை, திருவாரூர்க் கல்வெட்டுகளும் வேறொரு வரலாற்றைச் சொல்கின்றன. தமிழ்நாட்டில் தம்பதியரின் பொதுவாழ்க்கை மிகப் பழையது. ஆனால் அதன் மையம் ஒரே இடத்தில் நிற்கவில்லை. முதலில் ஆடுகளத்தில் இருந்தது, பிறகு கொடைக்கு நகர்ந்தது. அப்படி நகர்ந்தபோது பெண்ணுக்குச் சிலது போயிற்று, சிலது கிடைத்தது. கிடைத்ததைத்தான் நாம் மறந்துவிட்டோம் என்பது என் வாதம்.

ஆடுகளத்திலிருந்தே தொடங்கலாம். சங்கப் பாடல்களில் துணங்கையும் குரவையும் ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடியவை. அந்த உலகில் ஆடிய ஒரு தம்பதியின் பெயர்கூட நமக்குத் தெரியும்: ஆதிமந்தியும் ஆட்டனத்தியும். குறுந்தொகையின் 31ஆம் பாட்டு ஆதிமந்தியார் பாடியது. அதில் அவர் தம்மையும் ஆடுகளத்துப் பெண்ணாக, தம் தலைவனையும் ஆடுகளத்து ஆணாகச் சொல்கிறார். மறைக்க வேண்டிய செய்தியாக அவர் அதைக் கருதவில்லை. காவிரியில் கழார்த் துறையில் நீராட்டு விழாவில் ஆட்டனத்தியை வெள்ளம் கொண்டுபோனதும், ஆதிமந்தி ஆற்றங்கரையோடு அவனைத் தேடி அலைந்ததும் சங்கப் புலவர்கள் பலமுறை நினைவுகூர்ந்த செய்திகள். சிலப்பதிகாரம் அவரைக் கரிகாலன் மகளாகவே சொல்கிறது. அரச குடும்பத்துப் பெண் ஒருத்தி கணவனோடு விழாவுக்குப் போகிறாள், ஆடுகிறாள், அவனைத் தேடி ஊர் ஊராக நடக்கிறாள் என்று பாட முடிந்த சமூகம் அது. அந்த நினைவில் இழிவின் சாயல் சிறிதும் இல்லை.

சோழர் காலத்துக்கு வரும்போது காட்சி மாறிவிடுகிறது. தம்பதியர் ஆடவில்லை, ஆடலுக்கு நிலம் கொடுக்கிறார்கள். இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள காமரசவல்லியின் கல்வெட்டொன்று, மார்கழித் திருவாதிரையிலும் வைகாசித் திருவாதிரையிலும் மும்மூன்று முறை சாக்கைக் கூத்து ஆடுவதற்காகச் சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்ற கூத்தனுக்கு ஊர்ச்சபை நிலம் விட்டதைச் சொல்கிறது. கூத்தாடியவன் ஆண், கொடுத்தது ஊர், பார்த்தது விழாவுக்கு வந்த கூட்டம். தஞ்சைப் பெரிய கோயிலில் இந்த மாற்றம் பேரளவில் தெரிகிறது. முதலாம் ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல்மகளிர் நானூறு பேரை வரவழைத்து, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் விளையும் ஒரு பங்கு நிலமும் கொடுத்தான். ஒவ்வொருத்தியின் பெயரும், எந்த ஊர், எந்தக் கோயில் என்பதும் சுவரில் இருக்கின்றன. ஆட்டம் இப்போது பதிவேடும் ஊதியமும் உள்ள பணி. அரசனும் அரசியரும் அதைத் தாங்கும் கைகள். ஆதிமந்தியைப் போல அரசகுலப் பெண் தானே ஆடினாள் என்ற நினைவு இங்கே கிடையாது. பெண் இழந்தது இது. இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

இனி, கிடைத்தது. பெரிய கோயிலின் விமானத்தில் ராஜராஜன் வெட்டச் சொன்ன முதல் ஆணையைப் பாருங்கள். தான் கொடுத்தது, தன் அக்கன் கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என்று நால்வகைக் கொடையையும் கல்லில் வெட்டுக என்கிறான். அரசன் கொடுத்ததில் அரசியர் கொடுத்தது கரைந்துவிடவில்லை. தனி வரிசையாக நிற்கிறது. சோழமாதேவி எடுப்பித்த திருமேனிக்கு அவர் பெயர், பஞ்சவன் மாதேவி எடுப்பித்ததற்கு அவர் பெயர். அக்கனாகிய குந்தவை தம் தந்தைக்கும் தாய்க்கும் படிமம் செய்து வைத்து, அவற்றின் வழிபாட்டுக்கும் வகைசெய்தார். அந்தக் கல்வெட்டில் அவர் வல்லவரையர் வந்தியதேவரின் மாதேவியார் என்று குறிக்கப்படுகிறார். பின்னாளில் நாவலால் தமிழகம் முழுவதும் அறிந்த வந்தியத்தேவரைப் பற்றித் தஞ்சைக் கோயில் சொல்வது அவர் குந்தவையின் கணவர் என்ற அளவுதான். கொடுத்தவர் மனைவி, கணவர் அவரை அடையாளம் காட்டும் அடைமொழி. தம்பதி என்ற உறவு கல்லில் இருக்கிறது, ஆனால் இரண்டு கைகளாக இருக்கிறது.

இதே முறையை நம் வட்டாரத்தில் ஊர்ப்பெயராகவே காணலாம். கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூர்ப் பகுதியில், கண்டராதித்தம் என்று ஓர் ஊர். கண்டராதித்த சோழன் பெயரால் அமைந்த சதுர்வேதிமங்கலம் அது. ஊரை ஒட்டிய பெரிய ஏரிக்குச் செம்பியன் மாதேவிப் பேரேரி என்று பெயர். ஊர் கணவன் பேரில், ஊருக்குச் சோறிடும் நீர் மனைவி பேரில். கண்டராதித்தன் ‘மேற்கெழுந்தருளின தேவர்’ என்று கல்வெட்டுகளில் குறிக்கப்படுகிறான். அது மேற்கே யாத்திரை போனதைக் குறிக்கிறதா, மறைவைக் குறிக்கிறதா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எப்படியானாலும் அவனுக்குப் பின் நாற்பதாண்டுக்கு மேல் வாழ்ந்த செம்பியன் மாதேவி, செங்கல் கோயில்களைக் கற்றளியாக்கிக்கொண்டே ஊர் ஊராகச் சென்றார். கோனேரிராசபுரத்துக் கோயிலைத் தம் கணவர் பேரில் எடுப்பித்து, அவர் இறைவனை வழிபடுவது போன்ற சிற்பத்தையும் விளக்கக் குறிப்போடு செதுக்க வைத்தார். கணவன் பெயர் நிலைக்க மனைவி செய்த காரியம் என்று இதை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எடுப்பித்தவர் யார் என்பதும் அதே கல்லில் இருக்கிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. கைம்பெண்ணாகிய பிறகு நாற்பதாண்டுகள் கொடையும் பயணமுமாக வாழ்ந்த ஒரு பெண்ணின் பொதுவாழ்க்கையை, வீட்டு மூலையில் வெள்ளைச் சேலையோடு அடைத்துவைக்கப்பட்ட பிற்காலக் கைம்பெண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால், காலம் எப்போதும் முன்னோக்கியே போனது என்ற நம்பிக்கை ஆட்டம்காணும்.

கொடை, ஆடல், பயணம் மூன்றும் ஒரே இடத்தில் வந்து கூடுகிற சான்று திருவாரூரில் இருக்கிறது. அதில் வரும் அரசன் அரியலூர் மண்ணில் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய முதலாம் ராஜேந்திரன். அவனுடைய அணுக்கி, அதாவது நெருங்கிய துணைவி, பரவை நங்கை. திருவாரூர்த் தியாகராசர் சன்னதி கற்றளியானதில் பரவையின் பங்கு பெரிது. விமானத்துக்குப் பொன் வேய்ந்தார், அணிகளும் விளக்குகளும் கொடுத்தார். அரசனும் பரவையும் ஒரே தேரில் ஏறிக் கோயிலுக்கு வந்தார்கள் என்றும், இருவரும் நின்று வணங்கிய இடம் தெரியும்படி அங்கே ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டது என்றும் கல்வெட்டு சொல்கிறது. சோழர் கல்வெட்டுகள் பொதுவாக உணர்ச்சி பேசுவதில்லை. கழஞ்சும் கலமும் உழக்கும்தான் அவற்றின் பேச்சு. அப்படிப்பட்ட பதிவில், இருவர் சேர்ந்து நின்ற இடத்தைச் சுட்ட ஒரு விளக்கு என்று ஒரு வரி வருவது என்னை மிகவும் நெகிழ்விக்கிறது. கங்கை வரை படை அனுப்பியவன், கடல்கடந்து கடாரம் வென்றவன், தான் ஒரு பெண்ணோடு நின்ற இடம் ஊருக்குத் தெரிய வேண்டும் என்று விரும்பினான். பின்னர் இருவரின் படிமங்களுக்கும் வழிபாடு நடக்க ஏற்பாடு செய்யப்பட்டது. விழுப்புரத்துக்கு அருகிலுள்ள பனையபுரம் ‘பரவைபுரம்’ என்று அவர் பெயரைத் தாங்கியிருந்த ஊர்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பரவை பட்டத்தரசி இல்லை, முறைப்படி மணந்த மனைவியும் இல்லை, அணுக்கி. அவரைத் தம்பதி வரலாற்றில் சேர்க்கலாமா? சேர்க்கத்தான் வேண்டும் என்று கருதுகிறேன். சமூகம் யாரை ஒன்றாகப் பார்க்க ஒப்புக்கொண்டது என்பதே நம் கேள்வி. சடங்கு நடந்ததா என்பது வேறு கேள்வி. மேலும், கோயில் பெண்களுக்கும் அரச குடும்பத்துக்கும் இடையே நாம் நினைப்பது போன்ற மதில் அன்று இருக்கவில்லை. ராஜராஜனின் மனைவியருள் ஒருவரான பஞ்சவன் மாதேவி, பழுவூர் அவனிகந்தர்ப்பபுரத்துத் தேவனார் மகள் நக்கன் தில்லை அழகியார் என்று குறிக்கப்படுகிறார். பழுவூர் இன்றைய அரியலூர் மாவட்டம். பழுவேட்டரையர்கள் ஆண்ட அந்த ஊரின் கோயில்களை ஆராய்ந்த இரா. கலைக்கோவன், ‘நக்கன்’ என்ற முன்னொட்டைக் கொண்டு அவரைத் தளிச்சேரிப் பின்னணியில் வைத்துப் பேசியிருக்கிறார். அதை எல்லோரும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பஞ்சவன் மாதேவிக்கு, தன்னைப் பெறாத அந்தத் தாய்க்கு, ராஜேந்திரன் பழையாறையில் பள்ளிப்படை என்னும் நினைவுக் கோயில் எடுத்தான் என்பது உறுதி. பழுவூர்ப் பெண் ஒருத்தி சோழ அரசகுலத்தில் பெற்றிருந்த மதிப்பை அளக்க இது போதும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. இவையெல்லாம் அரண்மனைக் கதைகள். சாதாரணக் குடும்பத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கல்வெட்டுகளின் பெரும்பகுதியே இதற்குப் பதில். நந்தாவிளக்கு எனப்படும் அணையா விளக்கு ஒன்றுக்கு வழக்கமான விலை 96 ஆடுகள் அல்லது 90. இடையர்கள் அவற்றை ‘சாவா மூவாப் பேராடு’ என்று பொறுப்பேற்று, நாள்தோறும் உழக்கு நெய் கொடுக்க வேண்டும். அந்த ஆடுகளைக் கொடுத்தவர்களில் வணிகர் மனைவியும் உண்டு, வேளாளர் மனைவியும் பிராமணர் மனைவியும் தேவரடியாரும் உண்டு. இன்னாருடைய மனைவி இன்னாள் வைத்த விளக்கு என்று எழுதியிருக்கும். தேவரடியார் பற்றிய லெஸ்லி ஓர் அவர்களின் ஆய்வு, பிற்காலச் சோழர் காலத்தில் அரசியர் கொடை குறையக் குறையக் கோயில் பெண்களின் கொடை கூடியதைக் காட்டியது. ஆனாலும் முழு உரிமை இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நிலத்தை விற்கவும் கொடுக்கவும் பிராமணப் பெண்கள் ‘முதுகண்’ என்ற ஆண் பொறுப்பாளர் ஒருவரை முன்னிறுத்த வேண்டியிருந்ததைக் கல்வெட்டுகளே சொல்கின்றன. பொருள் அவள் பொருள், பெயர் அவள் பெயர், பேசிய குரல் ஆணின் குரல். இதையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு பணத்தைப் பற்றியது. கொடுத்தவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது, உழுதவர்களின் பெயர் எங்கே? தேரில் வந்து இறங்கிய தம்பதியின் பொன் யாருடைய வியர்வை? இந்த மறுப்புக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இது சரியான மறுப்பு. வாலிகண்டபுரம் உசாவடியாக இருந்த விஜயநகரக் காலத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1429இல் சோழநாட்டிலும் நடுநாட்டிலும், கொருக்கை, விருத்தாசலம் முதலிய ஊர்களில், வலங்கை, இடங்கை என்ற இரு சாதிக்கூட்டத்தாரும் தங்கள் பழைய பகையை மறந்து ஒன்றுகூடி, அதிகாரிகளும் நிலமுடையோரும் கேட்கும் முறையற்ற வரியைக் கொடுப்பதில்லை என்று கல்லில் வெட்டினார்கள். நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் விரிவாக ஆராய்ந்த கல்வெட்டுகள் அவை. கொடைக் கல்வெட்டு எந்தக் கோயில் சுவர்களில் ஏறியதோ அதே கோயில் சுவர்களில்தான் வரி மறுப்பும் ஏறியது. கோயில் எல்லோரும் பார்க்கும் பொதுப்பலகையாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தப் பலகையில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது சிறிய செய்தி இல்லை என்பதும் இதனாலேயே விளங்கும்.

விஜயநகர, நாயக்கர் காலங்களில் இன்னொரு திருப்பம். சோழன் தான் நின்ற இடத்தை விளக்கால் குறித்தான். ராயர்களும் நாயக்கர்களும் தாங்களே சிலையாக நின்றுவிட்டார்கள். கிருஷ்ணதேவராயர் 1513 பிப்ரவரியில் முதன்முதலாகத் திருமலைக்கு வந்தபோது திருமலாதேவியும் சின்னாதேவியும் உடன் வந்தார்கள். அரசர் தம் கொடையைக் கொடுக்க, தேவியர் இருவரும் பால் அமுது படைக்கப் பொற்கிண்ணங்களைத் தனித்தனியே கொடுத்தார்கள். மூவரும் கைகூப்பி நிற்கும் செப்புச் சிலைகளை இன்றும் திருமலைக் கோயிலுக்குள் நுழைகையில் பார்க்கலாம். மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் தம் மனைவியரோடு தூணில் நிற்கிறார். பார்வைக்கு இவை சோழர் காலத்தைவிடத் தம்பதியரை இன்னும் நெருக்கமாகக் காட்டுகின்றன. ஆனால் தூண் சிற்பங்களைக் கூர்ந்து பார்த்தால் அரசரின் பெயர் நமக்குத் தெரியும், அருகில் நிற்கும் பெண்களின் பெயர் பெரும்பாலும் தெரியாது. உருவம் வந்தது, பெயர் தேய்ந்தது.

பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லலாம். 1817ஆம் ஆண்டின் ஏழாவது ஒழுங்குமுறைச் சட்டத்தோடு கோயில் அறக்கட்டளைகள் கம்பெனியின் வருவாய் வாரியத்துக்குக் கீழே வந்தன. கொடையும் ஆடலும் பிரிந்தன. ஆடியவர்களுக்கு இருந்த நிலமும் மதிப்பும் தேய்ந்து, தொழிலே பழியாயிற்று. முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுதல் வழக்கத்துக்கு எதிராகப் போராடினார்கள்; 1947இல் அதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதற்குள் இன்னொரு தம்பதி மேடைக்கு வந்துவிட்டார்கள்: ருக்மிணி தேவியும் ஜார்ஜ் அருண்டேலும். 1920இல் மணந்துகொண்டு, பிரம்மஞான சபைப் பணிக்காக உலகம் சுற்றி, அன்னா பாவ்லோவாவின் நட்பால் ஆடலை நோக்கித் திரும்பி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ருக்மிணி பயின்று, 1935இல் அடையாறில் ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா தொடங்கியது. கணவர் அப்போது சபையின் உலகத் தலைவர். கொடை, ஆடல், பயணம் மூன்றும் மறுபடி ஒரு தம்பதியிடம் சேர்ந்தன. ஆதிமந்திக்குப் பிறகு உயர்குடிப் பெண் ஒருத்தி பொதுமேடையில் ஆடியது சாதாரணத் துணிவு இல்லை. ஆயினும் அந்த மேடைக்குப் பின்னால், மயிலாப்பூர் கௌரி அம்மாள் போன்ற கோயில் ஆடல்மகளிர் காத்துவைத்த கலை இருந்தது. அவர்கள் குலத்துப் பெண்கள் அதே மேடையில் ஏற இடம் சுருங்கியது. இந்த இழப்பைச் சொல்லாமல் அந்தத் துணிவைப் பாராட்டுவது நேர்மையாகாது.

இன்றைய பழக்கத்துக்கு வருவோம். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் ‘உபயம்’ என்று எழுதிய குழல்விளக்கு, மின்விசிறி, எவர்சில்வர் கைப்பிடி, அன்னதானப் பலகை கண்ணில் படும். வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள் குடும்பத்தோடு ஊருக்கு வரும்போது கும்பாபிஷேகத்துக்குக் கொடுப்பதும், திருவிழாவில் ஆடலும் பாட்டும் நடக்கச் செலவை ஏற்பதும் சோழர் காலத்து வழக்கத்தின் தொடர்ச்சிதான். கிளப்பும் நடன விருந்தும் இதற்குத் தாயில்லை. ஆனால் பெயர் எழுதும் முறையைப் பாருங்கள். முதலில் கணவன் பெயர், படிப்பு, பதவி. பிறகு ‘குடும்பத்தார்’ என்ற ஒரு சொல். மனைவியின் பெயர் வந்தால் அடுத்த வரியில் வரும். பணத்தில் பாதி அவள் சம்பளமாகவே இருந்தாலும் அப்படித்தான். ஆயிரம் ஆண்டுக்கு முன் இன்னாருடைய மனைவி என்ற அடைமொழியோடு தன் விளக்கைத் தானே வைத்த பெண், இப்போது கணவனின் கொடைக்குள் ‘குடும்பத்தார்’ ஆகிவிட்டாள். சேர்ந்து கொடுப்பது நல்லதுதானே என்று கேட்பார்கள். நல்லதுதான், இரண்டு பெயரும் இருக்குமானால். திருவாரூர்க் கல்வெட்டு ராஜேந்திரனையும் பரவையையும் சேர்த்துச் சொல்லும்போது இருவர் பெயரையும் சொல்கிறது. உபயப் பலகைக்கு எழுத்துக் கொடுக்கிறவர்கள் அந்த அளவாவது கேட்டு எழுதலாம். பெயின்டருக்கு ஒரு வரிதான் கூடுதல் வேலை.